கரிசாலைத் தைலமும் முடியின் கணக்கும்

தலைக்குத் தைலம் காய்ச்சுகிற கரிசலாங்கண்ணியை, கரிசாலை என்றாலும் அதுதான், தொட்டியில் வைத்து வளர்க்கிறேன் என்று எங்கள் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். மயிலாடுதுறைக்குக் கிழக்கே வயல் வரப்பு, வாய்க்கால் ஓரம், மதகடி என்று ஈரம் கசிகிற இடத்திலெல்லாம் அதுபாட்டுக்கு முளைத்துக் கிடக்கும். களை எடுக்கிற பெண்கள் கோரையோடும் ஆரையோடும் சேர்த்து அதையும் பிடுங்கி வரப்பில் எறிவார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது அதில் ஒரு கைப்பிடியை மட்டும் திரும்ப எடுத்து மடியில் கட்டிக்கொள்வார்கள். இப்போது களைக்கொல்லி அடிக்கிற வயலில் அந்தக் கைப்பிடியும் கிடையாது. அடித்த வயலில் தப்பி முளைத்ததைப் பறித்துச் சாப்பிடவும் மனசு வராது. அதனால் திருச்சியில் என் மொட்டை மாடியில், பச்சை வலைக்குக் கீழே, குரோ பேக்கில் அது ராஜ மரியாதையோடு வளர்கிறது.

செடியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்குள்தான் நிற்கும். தண்டு லேசாகச் சிவந்திருக்கும். இலைகள் எதிரெதிராக, ஈட்டி மாதிரி நீண்டு, தடவினால் சொரசொரவென்று இருக்கும். இலைக்கணுவிலிருந்து மெல்லிய காம்பு கிளம்பி, அதன் நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்குக்கூட வராத ஒரு வெள்ளைப் பூ. சூரியகாந்திக் குடும்பம் என்றால் நம்ப முடியாது, ஆனால் பூவைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். நடுவில் வட்டம், சுற்றிலும் நூல் மாதிரி இதழ்கள். சந்தேகமாக இருந்தால் தண்டைக் கிள்ளிவிட்டுச் சற்று நேரம் பேசிக்கொண்டிருங்கள். கிள்ளின இடம் கறுத்திருந்தால் அது கரிசாலை. இலையைக் கசக்கினாலும் அப்படித்தான். முதலில் விரல் பச்சையாகும், காற்றுப் படப்படக் கருநீலமாகும். சோப்புப் போட்டாலும் உடனே போகாது.

இது வெள்ளைக் கரிசாலை. மஞ்சள் பூப் பூக்கிறது வேறு செடி, தரையோடு படர்கிறது. வடலூர் வள்ளலார் தம் அன்பர்களுக்குச் சொன்ன அன்றாட ஒழுங்கில் காலையில் குடிக்க ஒரு மூலிகைக் கஷாயம் உண்டு. கரிசாலை, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் சேர்ந்தது. சன்மார்க்கத்தில் இருக்கிற குடும்பங்களில் காப்பி டீக்குப் பதிலாக இன்றைக்கும் அதைத்தான் குடிக்கிறார்கள். அவர் விசேஷமாகச் சொன்ன பொற்றலைக் கையாந்தகரை என்பது இந்த மஞ்சள் பூக்காரிதான் என்பார்கள்.

இங்கேதான் ஒரு வில்லங்கம். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லி நர்சரிகளிலும், செடி பரிமாறிக்கொள்கிற வாட்ஸ்அப் குழுக்களிலும் கைமாறுகிற செடிகளில் பல, அது இல்லை. சாலை நடுவே தடுப்புச் சுவரிலும் அபார்ட்மெண்ட் வாசலிலும் பளபளவென்று படர்ந்து, பெரிய மஞ்சள் பூவாகப் பூத்துக் குலுங்குமே, அந்த அலங்காரச் செடி. சிங்கப்பூர் டெய்சி என்பது அதன் பேர். சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. உலகத்தின் படுமோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் இதுவும் ஒன்று. வித்தியாசம் இலையில் தெரியும். டெய்சியின் இலை கனமாக, மினுமினுப்பாக, ஓரத்தில் மூன்று மடலாகப் பிரிந்த மாதிரி இருக்கும். உண்மையான மஞ்சள் கரிசாலையின் இலை நீளவாக்கில், ஒடுக்கமாக, பிளவு இல்லாமல் இருக்கும். அலங்காரச் செடியைப் பறித்து அரைத்துத் தலையில் தேய்த்தால் என்ன ஆகும் என்கிற கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். அதைக் கூட்டு வைத்துச் சாப்பிட்ட குடும்பம் எனக்குத் தெரியும். நல்லவேளை, கசப்பு தாங்காமல் பாதியில் கொட்டிவிட்டார்கள். எனக்குச் சந்தேகமே வேண்டாம் என்று வெள்ளையோடு நின்றுவிட்டேன். அது கறுத்துக் காட்டிவிடும்.

சரி, தைலம்.

எங்கள் வீட்டில் அத்தை காய்ச்சுகிற முறைதான் எனக்குத் தெரிந்த முறை. அத்தை என்றால் என் மாமியார். எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. அடுப்படியில் நின்று வேலை செய்ய முடியாது, ஆனால் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் செய்ய முடியும். கரிசாலையை வேர் நீக்கி, மண் போக அலசி, முதலில் ஈரம் காயத் துணியில் பரத்த வேண்டும். அம்மியில் அரைத்த காலம் போய் இப்போது மிக்ஸி. தண்ணீர் தெளிக்காமல் அரைபடாது என்பதால் கொஞ்சமாகத் தெளித்துக்கொள்ளலாம். வெள்ளைத் துணியில் போட்டுப் பிழிந்தால் சாறு முதலில் பசும்புல் நிறத்தில் இறங்கும். பாத்திரத்தில் சற்று நின்றதும் மேலே இருந்து கறுக்க ஆரம்பிக்கும். துணி அதோடு சரி, அப்புறம் கரித்துணிதான். எண்ணெய்க்குச் சம அளவு சாறு என்பது கணக்கு. அரை லிட்டர் சாறு எடுக்க ஒரு கூடை இலை வேண்டும். கைப்பிடி இலையை வைத்துக்கொண்டு ஒரு லிட்டர் எண்ணெய் காய்ச்சுகிற வீடியோக்களைப் பார்த்தால் அத்தைக்குக் கோபம் வந்துவிடும். "அது எண்ணெய்க்கு இலையைக் காட்டுறாங்கம்மா" என்பார்.

இரும்பு வாணலியில் செக்குத் தேங்காய் எண்ணெயையும் சாற்றையும் சேர்த்து, தீயைச் சிறுகச் சிறுக எரியவிட வேண்டும். சலசலவென்று நுரைத்துக்கொண்டே இருக்கும். நீர் சுண்டச்சுண்ட அந்தச் சத்தம் மாறும். அடியில் தங்குகிற கசண்டை அகப்பையில் எடுத்து, ஆறியதும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்க்கிறதுதான் பதம். சேறு மாதிரி ஒட்டினால் இன்னும் நீர் இருக்கிறது. மெழுகு மாதிரித் திரண்டால் உள்ளுக்குக் கொடுக்கிற மருந்துக்கான பதம். இன்னும் கொஞ்சம் போய், கடுகைத் திரித்தது போல விரலில் உருளும். அதற்கும் மேலே மணல் மாதிரி நொறுங்குகிற மணல் பதம். தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க்கு மணல் பதத்துக்கு முன்னால் இறக்கிவிட வேண்டும் என்பது அத்தை கட்சி. மணல் பதம் வரைக்கும் விட வேண்டும் என்பது அக்காவின் மாமியார் கட்சி. அந்தச் சண்டைக்குள் நான் போவதில்லை. ஆனால் ஒன்று, நீர் மிச்சம் இருக்கக் கூடாது. ஒரு திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்தினால் பட்பட்டென்று வெடிக்காமல் அமைதியாக எரிய வேண்டும். வெடித்தால் மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். நீர் நின்ற எண்ணெய் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சையும் பிடிக்கும்.

வெந்தயம், கறிவேப்பிலை, செம்பருத்தி, நெல்லிக்காய், கருஞ்சீரகம் என்று ஆளாளுக்கு என்னென்னவோ சேர்க்கிறார்கள். நெல்லிக்காய் சேர்த்தால் எண்ணெய் இன்னும் கறுப்பாகும். நெல்லிக்காயின் துவர்ப்புச் சத்தும் வாணலியின் இரும்பும் சேர்கிறதால் வருகிற கறுப்பு அது. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் கலந்து எழுதுகிற மை செய்ததும் இதே வித்தையில்தான். எண்ணெய் கறுப்பாக இருப்பதைப் பார்த்ததும் 'அப்போ முடியும் கறுக்கும்' என்று மனசு தானாக முடிச்சுப் போட்டுவிடுகிறது. கரிசாலையின் புகழில் பாதி இந்த முடிச்சில் கிடைத்தது என்றுதான் நான் நினைக்கிறேன். சாறு கறுக்கிறது, விரல் கறுக்கிறது, அந்தச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்து விளக்கெண்ணெயில் எரித்தால் வருகிற கரியில் கண்மை செய்தார்கள். பிறகு முடி மட்டும் ஏன் கறுக்காது?

கறுக்காது. முடிக்கு நிறம் கொடுக்கிறது அதன் வேர்ப்பையில் இருக்கிற நிறமிச் செல்கள். அவை தீர்ந்துபோனதும் வெள்ளையாக வளர்கிறது. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாத இழை. மேலே தேய்க்கிற எண்ணெய் உள்ளே போய் அந்தச் செல்களை எழுப்பிவிடாது. நரையை மறைக்க வேண்டும் என்றால் மருதாணியும் அவுரியும் சேர்ந்து சாயம் ஏற்றும், அது நிஜம். கரிசாலைப் பொடிக்கு அந்த வேலை தெரியாது. 'ஹெர்பல்' என்று அட்டையில் இலை படம் போட்டு விற்கிற கறுப்புப் பொடி அரைமணி நேரத்தில் நரையைக் கன்னங்கரேலென்று ஆக்கினால், கறுப்பாக்கினது பெரும்பாலும் உள்ளே கலந்திருக்கிற பிபிடி என்கிற ரசாயனம்தான். சிலருக்கு அது முகம் வீங்கும் அளவுக்கு ஒத்துக்கொள்ளாது.

முடி கொட்டுகிறதுக்கு வருவோம். என் அக்கா மகளுக்கு ஒரு ஐப்பசியில் டெங்கு வந்தது. சென்னையில் பிஜியில் தங்கி வேலை பார்க்கிற பெண். காய்ச்சல் விட்டு, உடம்பு தேறி, வேலைக்கும் போய்விட்டாள். தை பிறந்ததும் போன் வந்தது. "சித்தி, தலையில கை வச்சா கொத்துக் கொத்தா வருது. குளிக்கிற இடத்துல தண்ணி போக மாட்டேங்குது." குரலில் அழுகை. அக்கா உடனே தைலம் கேட்டாள், காய்ச்சிக் கொடுத்தேன். வாரம் இரண்டு தரம் தேய்த்தாள். ஆனி மாதம் ஊருக்கு வந்தபோது கொட்டுவது நின்றிருந்தது, நெற்றி ஓரத்தில் குட்டிக் குட்டியாக முடி நிமிர்ந்து நின்றது. அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், கரிசாலை எண்ணெய்தான் காரணம் என்று. நான் காய்ச்சிய எண்ணெய் ஆயிற்றே, மறுக்க எனக்கும் வாய் வரவில்லை.

ஆனால் முடிக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றும் இரண்டிலிருந்து ஆறு வருஷம் வளரும், பிறகு இரண்டு மூன்று மாதம் சும்மா இருக்கும், அப்புறம் உதிரும். அதே இடத்தில் புதுசு கிளம்பும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இந்த ஓட்டத்தில் சேர்த்தி. பெரிய காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடையைக் குறைத்தது என்று உடம்புக்கு ஓர் அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருக்கிற முடியில் பெரும் பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு முடிகிற இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் மொத்தமாகக் கொட்டும். ஐப்பசிக் காய்ச்சலுக்குத் தையில் கொட்டியது அதனால்தான். காய்ச்சலை எல்லாரும் மறந்திருப்பார்கள். அதனால் தண்ணீர், ஷாம்பு, கண் திருஷ்டி என்று வேறு எதன்மேலாவது பழி விழும். இப்படிக் கொட்டுகிறது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கிவிடும். நாம் எப்போது தைலம் தேட ஆரம்பிக்கிறோம்? உச்சத்தில் கொட்டும்போது. அதற்கப்புறம் குறையத்தானே செய்யும். அந்த நேரத்தில் கையில் எந்தப் பாட்டில் இருக்கிறதோ, அதற்குப் பேர் கிடைக்கிறது. பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம் முடி கொட்டி, 'குழந்தை முகம் பார்த்துச் சிரிச்சா அப்படித்தான் கொட்டும்' என்று பெரியவர்கள் சொல்வார்களே, அவர்கள் தைலத்தைத் தேடவில்லை, பொறுத்திருந்தார்கள். அவர்கள் கணக்குச் சரி.

கரிசாலைக்குச் சோதனை ஏதும் நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது. 2008இலும் 2009இலும் வந்த இரண்டு இந்திய ஆய்வுகள் அடிக்கடி மேற்கோளாக வரும். முதலாவது எலிகள் மேல், அடுத்தது சுண்டெலிகள் மேல். முடியை மழித்துவிட்டு, கரைப்பான் ஊற்றிப் பிரித்தெடுத்த சாரத்தைத் தடவினார்கள். தடவிய இடத்தில் முடி வேகமாக வளரும் கட்டத்துக்குப் போனது. நல்ல சேதிதான். ஆனால் அது நம் வாணலியில் காய்ச்சின எண்ணெயும் இல்லை, நம் தலையும் இல்லை.

இப்போது பெண்பிள்ளைகள் எல்லாரும் ரோஸ்மேரி என்கிறார்கள். நீலகிரியில் விளைகிற செடிதான், வாசனை பிரமாதம். முடி வளரத் தலையில் தடவுகிற மினாக்ஸிடில் என்கிற மருந்தோடு ஒப்பிட்டு 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 100 பேர், பாதிப் பேருக்கு ரோஸ்மேரி எண்ணெய், பாதிப் பேருக்கு 2 சதவீத மினாக்ஸிடில், ஆறு மாதம். மூன்று மாதத்தில் இரண்டிலும் மாற்றம் இல்லை, ஆறாவது மாதம் இரண்டிலும் முடி கூடியிருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றுமே பயன் தராத வெறும் எண்ணெய் தடவிய மூன்றாவது கூட்டம் அதில் இல்லை. தவிர, அவர்கள் தடவியது எண்ணெய். இலையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஸ்பிரே பாட்டிலில் அடைத்து மூன்று நாளில் புளித்துப்போகிற சமாச்சாரம் இல்லை. பொறுமை ஆறு மாதத்துக்கு வேண்டும் என்கிற ஒரு பாடத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு நான் ஏன் இன்னும் வருஷா வருஷம் காய்ச்சுகிறேன்? தைலத்தில் பெரும்பங்கு தேங்காய் எண்ணெய். அதற்கு முடி இழைமேல் நிஜமாகவே வேலை தெரியும். 2003இல் மும்பையில் தேங்காய், சூரியகாந்தி, மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் இருக்கிற லாரிக் அமிலம் சின்ன மூலக்கூறு, இழைக்குள்ளே புகுந்துவிடுகிறது. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கிற நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் என் தலைக்கு அது ஒத்துப்போகிறது. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தேய்த்து, விரல் நுனியால் அழுத்திவிட்டு, அலசினால் சீப்பில் முடி அறுபடுவது குறைகிறது. வேரிலிருந்து உதிர்வது வேறு, நடுவில் அறுபடுவது வேறு. எண்ணெய்க்கு இரண்டாவதில்தான் உரிமை. இரவு முழுக்க ஊறவைத்துத் தலையணையைப் பாழாக்க வேண்டிய அவசியமில்லை. பொடுகு இருக்கிறவர்கள் ஊறவைக்கவே கூடாது. பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் தீனி. வட்டமாக ஓரிடத்தில் முடி போனால் அது புழுவெட்டு. ஆண்களுக்கு நெற்றி ஏறுவது பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்த கதை. இரண்டுக்கும் தோல் மருத்துவர்தான்.

மாதக்கணக்கில் நிற்காமல் கொட்டுகிற பெண்களிடம் நான் முதலில் கேட்பது ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதுதான். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், 2019–21இல், 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டும் முடியில் தெரியும். இருநூறு ரூபாய்க்கு எண்ணெய் வாங்குகிற வீட்டில் ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்கிற பதில் வருகிறது. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் வேறு. டீயின் துவர்ப்பு சாப்பாட்டில் இருக்கிற இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

கரிசாலையை எனக்குத் தலையில் தேய்ப்பதைவிடத் தட்டில் பார்க்கத்தான் அதிகம் பிடிக்கும். இளசாக நுனியைக் கிள்ளினால் போதும், பூத்த தண்டு நார். பாசிப்பருப்பைக் குழையாமல் வேகவைத்து, நறுக்கின கீரை, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் சேர்த்து, கீரை வெந்ததும் தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றி ஒரு கொதி. வெந்ததும் சொரசொரப்பு இருக்காது, நிறம் மட்டும் கரும்பச்சையாக இருக்கும். லேசான கசப்பு உண்டு, பருப்பு அதைத் தாங்கிக்கொள்ளும். பிள்ளைகளுக்குத் தோசைமாவில் அரைத்துக் கலந்தால் கேள்வி கேட்காமல் சாப்பிடுவார்கள், நிறத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்கள். காமாலைக்கு இதையும் கீழாநெல்லியையும் கொடுப்பது சித்த வைத்தியத்தில் பழைய வழக்கம். ஆய்வுக்கூடத்தில் கல்லீரலைக் காக்கிற குணம் காட்டிய வெடிலோலாக்டோன் என்கிற பொருள் இதில் இருக்கிறது. ஆனால் கண் மஞ்சளானால் எதனால் மஞ்சளானது என்று மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும், கீரைக்காரம்மா சொல்லக் கூடாது. கர்ப்பிணிகளும், சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பொடியாகத் தினமும் விழுங்குவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது. வாரம் ஒரு நாள் கூட்டுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

பறிக்கிற இடத்தில்தான் பயம் வேண்டும். சாக்கடை ஓரத்தில் இது செழித்து வளரும், பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். அங்கே பறிக்காதீர்கள், காசு கொடுத்து வாங்கும்போதும் எங்கே பறித்தது என்று கேளுங்கள். வீட்டில் வளர்ப்பது சிரமமே இல்லை. காய்ந்த பூமண்டையைத் தொட்டியின் மேல்மண்ணில் உதிர்த்துவிட்டால் போதும். விதையை மூடக்கூட வேண்டாம், ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் முளைத்துவிடும். கணுவோடு ஒடித்த தண்டை நட்டாலும் வேர் விடும். சித்திரை வெயிலில் மட்டும் தினமும் இரண்டு வேளை தண்ணீர் கேட்கும். ஒரு தொட்டி வைத்தால் அடுத்த மழைக்குப் பக்கத்துத் தொட்டியிலும் வந்துவிடும், கத்தரிச் செடிக்கு அடியிலும் வந்துவிடும். அங்கே வந்ததை நானும் களையாகத்தான் பிடுங்குகிறேன். பிடுங்கி நேராக அடுப்படிக்கு.